அகுஸ்தேனின் பண்ணை

நெடுங்காட்டுச் சூசையின் மகள் செலெஸ்தினுக்கு முகம் சுளிக்கவே தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். மாட்டின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தால் முழங்கை வரை கையை விட்டுத் திருப்பிப் போடுவாள். எருக்குழியில் இறங்கிக் கூடை கூடையாக அள்ளிக் கொடுப்பாள். நாற்றுப் பறிக்கும்போது காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அடுத்த நாற்றுமுடிக்குப் போய்விடுவாள். ஒரு மழைக்காலத்தில் வாய்க்காலில் ஊதி மிதந்த ஆட்டைத் தனியாளாக இழுத்துப்போய்ப் புதைத்தவள் அவள். அப்படிப்பட்டவள்தான் சைகோனுக்கு வாழப் போய், தாலி கட்டினவன் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்புவதைப் பார்க்கச் சகியாமல் எழுந்து போகிறவளாக ஆனாள்.

அகுஸ்தேன் காரைக்காலில் பிறந்தவன். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, சைகோனில் நிலங்களை அளந்து பதிகிற ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தான். 1907-இல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது பெண் பார்த்தான். கன்னிமாடத்துப் பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்த பெண், வேலைக்கும் சளைக்காதவள் என்று பங்குச் சாமியார் சொல்லி வைத்திருந்தார். கல்யாணத்தன்று சாயங்காலம் மாமனார் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசினான்.

"கியா தின் பக்கம் எனக்கு ஒரு ஃபெர்ம் இருக்குது மாமா. ஃபெர்முன்னா நம்ம ஊரு பண்ணை. முன்னாடி மெசோன், காரை போட்ட வீடு. பின்னாடி தொழுவம், களம், பாக்குத் தோப்பு, வெத்தலைக் கொடிக்கால். நஞ்சை கால்வாய்க் கரை வரைக்கும் போவுது."

"யாரு மாப்ள பாத்துக்கிறது?"

"ஆளுங்க இருக்காங்க. அது காடாக் கெடந்த இடம் மாமா. நான்தான் திருத்துனேன்."

சூசை ஆயுள் முழுக்க அடுத்தவன் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். பண்ணை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் கை தானாகத் தோளுக்குப் போய், துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது. அகுஸ்தேன் அதைப் பார்த்தான். எடுத்துத் தோளில் போடுங்க மாமா என்று சொல்லவில்லை. கால்மேல் போட்ட காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். கதவுக்குப் பின்னால் நின்ற செலெஸ்தினுக்கு வாயில் உப்புக் கரித்தது. கல்யாணப் படபடப்பு என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

கப்பல் சைகோன் துறைமுகத்தில் இறக்கிவிட்டதும் ஒரு பெட்டிவண்டியில் ஏறினார்கள். அகலத் தெருக்களும் புளியமர நிழலும் முடிந்து, தி ஞே கால்வாய்ப் பாலம் தாண்டியதும் வண்டி சேற்றில் ஆடத் தொடங்கியது. அகுஸ்தேனின் மெசோன் தெருப் பக்கம் மட்டும் மஞ்சள் சுவரும் பச்சைச் சன்னலுமாக இருந்தது. சுவரைச் சுற்றிப் பின்னால் போனால் ஓலைக் கூரை, மண்தரை, நாலு மூங்கில் கால். முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிக் கழுத்தை விட்டுவிட்டவனைப் போல இருந்தது அந்த வீடு. களம் என்று அவன் சொன்னது வாசல் முற்றம். தொழுவத்தில் மாடு இல்லை. கொல்லையின் நடுவே, வெள்ளம் ஏறாத ஒரே மேட்டில், பன்றிக் கொட்டில் போட்டிருந்தான்.

"தூ!" என்றான் அகுஸ்தேன், கொல்லையைப் பார்த்து.

எதைக் காறித் துப்புகிறான் என்று செலெஸ்தின் திரும்பிப் பார்த்தாள். அவன் யாரையோ கூப்பிட்டிருந்தான். "பா தூ! இங்க வா!" பின்பக்கக் குடிசையிலிருந்து கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சராயுமாக ஒரு மூதாட்டி வந்தாள். வெற்றிலை மென்று மென்று உதடு ரத்தச் சிவப்பு, பல் கரிக்கறுப்பு. பிறந்த வரிசையைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பா என்றால் பாட்டி, தூ என்றால் நாலு. அவளும் அவளுடைய விதவை மகளும்தான் அகுஸ்தேன் சொன்ன ஆளுங்க.

மறுநாளே செலெஸ்தின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. அகுஸ்தேன் காலையில் வண்டியேறி அலுவலகம் போவான், மாலையில் அத்தர் மணக்கத் திரும்புவான். மண்ணில் அவன் கால் பட்டதே இல்லை. திண்ணையில் நின்றுகொண்டு குடைநுனியால் அங்கே இங்கே என்று சுட்டிக் காட்டுவான்; அவ்வளவுதான் அவன் விவசாயம்.

பா தூவும் அவளும் பேசிக்கொள்ளப் பொது மொழி கிடையாது. இருந்தது மண்வெட்டியும் வரப்பும். வரப்பில் உட்கார்ந்துகொண்டு பா தூ ஒன்றைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வாள். செலெஸ்தின் தமிழில் சொல்வாள். வீட்டுக்கு ஞா. கொல்லைக்கு வுவோன். நெல் வயலுக்கு ருவோங். நாற்றங்காலில் குனிந்து ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக் காட்டி "மா" என்றாள். செலெஸ்தினும் "மா" என்றாள். பா தூ இல்லையென்று தலையை ஆட்டி, குரலைத் தொண்டைக்குள் வெட்டி இறக்கி மறுபடி சொல்லிக் காட்டினாள். செலெஸ்தினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பா தூ கறுத்த பல் தெரியச் சிரித்தாள்.

வாரத்துக்கு ஒருமுறை நகரத்திலிருந்து கால்வாய் வழியாகப் படகு வரும். படகு நிறைய மலச்சாடிகள். அதைத் தண்ணீரில் கரைத்துக் கீரைப்பாத்திக்கு ஊற்றுவது அங்கத்திய வழக்கம். முதல்முறை செலெஸ்தின் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினாள். இரண்டாம் முறை துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள், மூன்றாம் முறை துணியும் வேண்டியிருக்கவில்லை. அகுஸ்தேன் அன்றைக்கெல்லாம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க மாட்டான்.

"சீ! அந்தக் கையால எனக்குச் சோறு போடாதடி. பா தூ மகளப் போடச் சொல்லு."

சொல்லிவிட்டு, அதே பாத்தியில் பறித்த கீரையை ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்பான். தின்றுவிட்டு விரலைச் சூப்புவான்.

நாள் போகப் போக, காட்டைத் திருத்தியதாக அவன் சொன்ன பேச்சு அவளை உறுத்தத் தொடங்கியது. கொல்லை மாமரத்தை அவளும் பா தூவும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. கிணற்று விளிம்புக் கல்லில் கயிறு இழுத்து இழுத்து விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம். நேற்று வெட்டின வரப்புக்கும் தலைமுறை தலைமுறையாக மிதித்து இறுகின வரப்புக்கும் வித்தியாசம் அவள் பாதத்துக்கே தெரியும்.

"நீங்க வந்து எத்தினி வருஷம் ஆவுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஏழெட்டு ஆவுது. ஏன்?"

"அந்த மாமரம் ஒங்க ஐயாவை விட மூப்பா இருக்கும் போலருக்கே."

"காட்டுல மரம் இருக்காதா? தானா மொளச்சிருக்கும். ஒனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டின நகம் அவள் பெருக்கின தரையில் தெறித்தது.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு பன்றிக் கொட்டிலைக் கழுவும் வேலையைப் பா தூவின் மகளிடமிருந்து செலெஸ்தின் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் கொட்டிலுக்குள் போகும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வருவதைப் பார்த்து, நாற்றம் தாங்கவில்லை போலும் என்று நினைத்துத்தான் வாங்கினாள். தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தபோது, சாணிக்கும் சேற்றுக்கும் அடியில் செம்புரைக்கல் பலகை ஒன்று தட்டுப்பட்டது. விளிம்பில் தாமரை இதழ் செதுக்கியிருந்தது. பழைய கோயில் கல்லை அகுஸ்தேன் எங்கிருந்தோ எடுத்துவந்து தரைக்குப் போட்டிருக்கிறான் என்று எண்ணினாள்.

பா தூ தினமும் சாயங்காலம் கொட்டிலின் மூங்கில் காலில் ஒரு ஊதுபத்தியைச் செருகிவிட்டுப் போவாள். பன்றிகள் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கும்பிடுகிறாள் என்றுதான் செலெஸ்தின் நினைத்திருந்தாள். அன்றைக்குக் கல்லைக் காட்டி, இது என்ன என்று கையாலேயே கேட்டாள்.

"மா," என்றாள் பா தூ.

நாற்றா? பன்றிக்கு அடியில் நாற்றா? செலெஸ்தின் வயல் பக்கம் கையைக் காட்டினாள். பா தூ இல்லையென்று தலையசைத்தாள். குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் குவிப்பது போலக் காட்டினாள். பிறகு வலது கையைத் தலைக்கு முட்டுக் கொடுத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். "மா," என்றாள், குரலைக் கீழே இறக்கி வளைத்து. அப்புறம் தன் மார்பில் கையை வைத்து, குரலை மேலே உயர்த்தி இன்னொரு "மா". பா தூவின் மகள் தன் தாயைக் கூப்பிடும் சொல் அது. அதை மட்டும் செலெஸ்தின் தினமும் கேட்டிருக்கிறாள்.

கல்லறை. அம்மாவின் கல்லறை.

துடைப்பம் அவள் கையிலேயே இருந்தது. பெரிய பெண்பன்றி ஒன்று அவள் கண்முன்னே அந்தக் கல்லின்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. செலெஸ்தின் வெளியே ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மலச்சாடியைக் கரைத்தபோதுகூட அவளுக்கு இப்படி வந்ததில்லை.

மீதிக் கதையைப் பா தூ சைகையும் அரைகுறைச் சொல்லுமாகச் சொல்லி அவள் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. பாட்டன் காலத்திலிருந்து பா தூவின் குடும்பம் உழுத மண் அது. பதிவு என்று ஒன்று வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அளக்க வந்த கூட்டத்தோடு வந்த அகுஸ்தேன், "ஹ்வாங்" என்று எழுதிக்கொண்டான். ஹ்வாங் என்றால் ஆளில்லாத தரிசு. தரிசைத் திருத்துகிறேன் என்று குடியுரிமை உள்ளவன் கேட்டால் சர்க்கார் தற்காலிகமாகக் கொடுக்கும். பயிர் ஏறியிருக்கிறதென்று அதிகாரி வந்து பார்த்துச் சொன்னால் நிரந்தரம். அப்படி, தன் கொல்லையிலேயே பா தூ கூலிக்காரி ஆனாள்.

அன்று சாயங்காலம் அகுஸ்தேன் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே செலெஸ்தின் கேட்டாள்.

"கொட்டிலுக்கு அடியில அந்தம்மா தாயப் பொதச்சிருக்காங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா போட்டீங்க?"

"மேட்டு நெலம் அது ஒண்ணுதான். பன்னிக்கு ஈரம் ஆவாதுடி. அதோட, கல்லறை தெரிஞ்சா தரிசுன்னு எப்புடி ஒத்துக்குவாங்க?" தண்ணீர் கேட்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். "செத்தவளுக்கு என்ன தெரியப் போவுது?"

"நீங்க கோயிலுக்குப் போறவுங்கதானே?"

"அவ புத்தர் கும்பிடுறவ. நீ போயி சோத்தப் போடு."

அவள் சோறு போட்டாள். பன்றிக் கறியை அவன் எலும்போடு வாயில் போட்டு உறிஞ்சுகிற சத்தம் அவள் முதுகில் ஊர்ந்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் கறியைத் தொடவில்லை. அவன் கட்டில் பக்கமும் போகவில்லை. அவன் துவைக்கப் போட்ட சட்டையைக் குச்சியால் எடுத்துத்தான் தொட்டியில் போட்டாள். அவன் அத்தர் வாசனை வாசலில் வந்தாலே அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது, புருஷனை வெறுப்பது பாவம் மகளே என்றார் சாமியார். வெறுப்பு இல்லை சாமி, அருவருப்பு என்றாள். வெறுப்புக்குச் சொல்கிற பரிகாரத்தையே அதற்கும் சொல்லி அனுப்பினார்.

பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அடுத்த கோடையில் அதிகாரி வந்தார். வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். அகுஸ்தேன் அன்றைக்குத்தான் முதல்முதலாக வயலில் இறங்கினான், அதுவும் அதிகாரி இறங்கினதால். "இதெல்லாம் முட்காடு முசே. புலி வந்த இடம். என் கையாலேயே வெட்டினேன்," என்று பிரெஞ்சில் சொல்லி, வெண்ணெய் போன்ற கையை நீட்டிக் காட்டினான். பா தூ குடிசை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

எலுமிச்சை நீர் கொண்டுவந்த செலெஸ்தினிடம் அதிகாரி மரியாதைக்காக ஒரு வார்த்தை பேசினார். "மதாமுக்கு இந்தக் காட்டு வாழ்க்கை பழகிவிட்டதா?"

கன்னியர் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சைக் கோத்துக் கோத்து அவள் சொன்னாள்: "இது காடு இல்லை முசே. கொல்லை. அந்த அம்மாவின் கொல்லை. பன்றிக்குக் கீழே கல்லறை இருக்கிறது. வந்து பாருங்கள்."

அகுஸ்தேன் தமிழில் கத்தினான். "வாய மூடுடி! பைத்தியம் முசே, இவளுக்குக் காய்ச்சல்..."

அதிகாரி அவனைக் கையமர்த்தினார். கொட்டிலுக்குள் பூட்ஸோடு போனார். பன்றிகளை விரட்டச் சொல்லி, கல்லைக் கழுவச் சொல்லிப் பார்த்தார். பா தூவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை பொறுமையாகக் கேட்கிற வெள்ளைக்காரனைச் செலெஸ்தின் கண்டதில்லை. அவள் மனசு அன்றைக்குக் கழுவி வைத்த குடம் போல இருந்தது. அதிகாரி போனதும் அகுஸ்தேன் குடைக்கம்பால் அவளை அடித்தான். சாயங்காலம் பா தூ ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, வீங்கின தோளில் எண்ணெய் தடவிவிட்டாள்.

மழை பிடிப்பதற்குள் தீர்ப்பு வந்தது. பொய் சொல்லி வாங்கியதால் அகுஸ்தேனுக்கு அந்த நிலம் இல்லை. செலெஸ்தின் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அது உருகி முடிவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அகுஸ்தேனிடமிருந்து எடுத்த நிலத்தைச் சர்க்கார், பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. அவருக்குப் பந்தயக் குதிரைகள் உண்டு. லாயம் கட்ட மேட்டு நிலம் வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கொடிக்காலைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தார்கள்.

செலெஸ்தின் அந்த அதிகாரியைத் தேடி நகரத்துக்குப் போனாள். வராந்தாவில் கை கட்டி நின்றாள்.

"அந்த அம்மாவின் கொல்லை என்று நான் சொன்னேனே முசே?"

"சொன்னீர்கள். உங்கள் நேர்மையை நான் மதிக்கிறேன் மதாம். உங்கள் கணவர் பொய்யர், அது நிரூபணமாயிற்று. ஆனால் கிழவிக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாத நிலம் அரசாங்கத்தின் நிலம்." எழுந்து வந்து, புன்னகையோடு அவள் கையைப் பற்றிக் குலுக்கினார். "உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்."

அவருடைய கை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. படி இறங்கினதும் அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். தெருக்குழாயில் கழுவினாள். மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். அவர்களுக்கு அகுஸ்தேனின் பொய்யும் ஒன்றுதான், தன் வாயால் வந்த உண்மையும் ஒன்றுதான், இரண்டையும் அவர்கள் தின்றுவிட்டு விரலைச் சூப்புவார்கள் என்று அவளுக்குப் பட்டது. வண்டி ஏறப் பிடிக்காமல் வீடு வரை நடந்தே வந்தாள்.

பா தூ அவள் முகத்தில் விழிக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்ததும் தலையைத் திருப்பிச் சிவப்பாகத் துப்பினாள். செலெஸ்தின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய் மூங்கில் காலைப் பெயர்க்கத் தொடங்கினாள். குதிரை லாயத்துக்குக் கடைக்கால் வெட்ட வருகிறவர்கள் கையில் பா தூவுடைய தாயின் எலும்பு சிக்கக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. முதல் கால் சாய்ந்ததும் பா தூ மண்வெட்டியோடு வந்து எதிர்ப்பக்கம் நின்றாள்.

பலகைக் கல்லைப் புரட்டியபோது அடியில் மண் கறுத்து நாறியது. வருஷக்கணக்கான பன்றி மூத்திரம் உள்ளே இறங்கியிருந்தது. பெண்கள் மூன்று பேரும் கையாலேயே தோண்டினார்கள். எலும்புகளைச் செலெஸ்தின் ஒவ்வொன்றாக வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தாள். பா தூவின் மகள் அரிசிச் சாராயத்தில் துடைத்தாள். பா தூ மண்பேழையில் காலிலிருந்து தலை வரை முறையாக அடுக்கினாள். மண்டையோட்டின் கண்குழியில் ஒட்டியிருந்த சேற்றைச் செலெஸ்தின் சுண்டுவிரலால் வழித்து எடுத்தாள். அவளுக்கு அதில் கொஞ்சம்கூட அருவருப்பு வரவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு புத்தர் கோயில் வளவில் இடம் கேட்டு வைத்திருந்தார்கள். படகில் பேழையை மடியில் வைத்துக்கொண்டு போன பா தூ, கரை ஏறும்போது கை கொடுத்த செலெஸ்தினின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளோடு தெற்கே ஒரு தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அகுஸ்தேனுக்கு வேலை போகவில்லை. அப்படிப்பட்டவர்கள் வேலையை இழப்பதில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், நகரத்தில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டான். செலெஸ்தின் கூடப் போகவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கொடுத்து இரண்டு கறவை மாடு பிடித்து, தான் தின் என்கிற பேட்டையில் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் குடியேறினாள். வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் நம்மவர் வீடுகளுக்கும் பால் ஊற்றினாள். சாணி வாரினாள், புல் அறுத்தாள், கன்று இழுத்தாள். பால்கார மதாம் என்று பெயர் நிலைத்தது. ஊர்க்காரர்கள் சிலர், புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று அவள் பாலை வாங்க மறுத்தார்கள். அகுஸ்தேன் ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்குவதை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அவள் விடியற்காலைப் பூசைக்கு மாறிக்கொண்டாள்.

சுமார் பதினைந்து வருஷம் கழித்து அகுஸ்தேன் ஆள் அனுப்பினான். கல்லீரல் வீங்கி, கண் மஞ்சளாகி, மாடி அறையில் தனியாகக் கிடக்கிறானாம். ஒரு செம்பில் கறந்த பாலோடு போனாள். அறையில் அத்தருக்கும் மேலே வேறு நாற்றம். அவள் சட்டையை மாற்றினாள், பாயைச் சுருட்டி வெளியே போட்டாள், முதுகுப் புண்ணை வெந்நீரில் துடைத்தாள். பாலைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள். அவன் விழுங்கினான். உதட்டை நக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வருத்தம் என்று சொல்லப் போகிறான் என்று அவள் நம்பிவிட்டாள்.

"செலஸ்து," என்றான், "நீ மட்டும் அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா, அந்த எடம் இன்னைக்கு என்னா வெல போவும் தெரியுமா?"

அவள் கரண்டியைச் செம்புக்குள் போட்டாள். அவன் மோவாயில் வழிந்த பாலைத் துணியால் துடைத்தாள். துணியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, கீழே போய், அங்கே கடை வைத்திருந்த மீரா சாகிபிடம், மேலே ஒரு நோயாளி இருக்கிறார், யாரையாவது ராத்திரிக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் பாய் என்று கேட்டுக்கொண்டாள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம் ஆகிவிட்டிருந்தது. வேகமாக நடந்தாள்.